பிழையில்லாமல் சொன்ன தந்தி

அஞ்சலாட்சிக்கு வந்த ஒரு கடிதத்தை நான் திருடினேன். பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்கு வந்த தந்தியை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

தட்டச்சுப் பள்ளி நாட்களைப் பற்றி முன்பு இந்த இதழில் எழுதியபோது ரேமோன் என்ற நண்பனை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வில்லியனூர் வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, "அவர் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை இரண்டு வாரம் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் நகர இடமில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

மாடிப்படி

கார்த்திகை மழை பிடித்திருந்த ஒரு பிற்பகல். பெரிய கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் தட்டச்சுப் பள்ளி. மேலே பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தன. அஞ்சலாட்சியும் நானும் படிக்கட்டின் நடுவில் நின்றோம். அவள் குடையிலிருந்து நீர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

தந்தி என் பெயருக்குத்தான் வந்திருந்தது. காலையில் அது வந்தபோது, யாரோ செத்துவிட்டார்கள் என்று என் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. யாரும் சாகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அஞ்சலாட்சி பிரித்துப் பார்த்தாள். தாளில் ஒட்டியிருந்த நாடாவில் இரண்டு சொற்கள், பிறகு ரேமோனின் பெயர். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் படிப்பதுபோல எழுத்துக் கூட்டினாள்.

"நட்டெண்ட்ஸ் ப்ளஸ்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ப்ளஸ்னா கூட்டல்தான? ஏதோ கூடுதலா சொல்றானா?"

அவள் முகத்தில் அப்போது இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முகங்களைப் பார்த்துவிட்டேன், அது மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தப் படிக்கட்டுக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன் எப்படி அங்கே வந்து நின்றோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏ இருந்த இடத்தில் க்யூ

மூவரும் முதலியார்பேட்டையில் ஒரே தெரு. சின்ன வயதிலிருந்து நீ, வா, போதான். என் அப்பா மில்லில் கணக்கு எழுதியவர். அஞ்சலாட்சியின் அண்ணன் சிவலிங்கம் அதே மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். ரேமோனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். தெருவில் அவர்கள் வீட்டுக்கு மட்டும்தான் பச்சைக் கதவு.

ரேமோனும் நானும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தோம். நான் நன்றாகப் படித்தேன். அவன் நன்றாகப் பந்து விளையாடினான். வீட்டிலும் பாதி பிரெஞ்சு என்பதால் அவனுக்குத் தமிழ் பேச்சோடு சரி, எழுத்தில் தடுமாறுவான்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போனதும் ஊரில் எல்லாருக்கும் ஆங்கிலப் பைத்தியம் பிடித்தது. அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறின. பிரெஞ்சில் முதல் பரிசு வாங்கிய நான், விண்ணப்பம் எழுதத் தெரியாதவனாக ஒரே நாளில் ஆகிவிட்டேன். அப்படித்தான் தட்டச்சுப் பள்ளிக்குப் போனேன். தங்கைக்கு அரசாங்க வேலை வாங்கித் தரவேண்டும் என்று சிவலிங்கம் அவளையும் அங்கே சேர்த்திருந்தார்.

நான் முன்பே ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிரெஞ்சு இயந்திரத்தில் தட்டிப் பழகியவன். அந்த இயந்திரத்தில் எழுத்துகளின் வரிசை வேறு. ஆங்கில இயந்திரத்தில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். அதனால் நான் ஆங்கிலத்தில் எதைத் தட்டினாலும் ஏ வரவேண்டிய இடமெல்லாம் க்யூ விழுந்தது. பயிற்சிக்காக நான் தட்டிய முதல் விண்ணப்பத்தை அஞ்சலாட்சி எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"தாமு, உன் கையி இன்னும் பிரான்சுலயே கெடக்கு. சொல்லி இட்டுக்கினு வா."

வகுப்பே சிரித்தது. நான் அவளுடைய விண்ணப்பத்தில் இருந்த ஏழு எழுத்துப் பிழைகளை வரிசையாகச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "போடா அகராதி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் திமிர் பிடித்தவனை அகராதி பிடித்தவன் என்பார்கள். எந்நேரமும் கையில் பிரெஞ்சு அகராதியோடு அலைந்தவனுக்கு அந்தப் பெயர் இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. அன்று முதல் நான் அகராதி. அவளை வெறுக்கத் தொடங்கினேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு என்ன சொல்லி அவளை மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒருத்தியைப் பற்றி அவ்வளவு நேரம் யோசிப்பதற்கு வெறுப்பு என்று பெயர் வைத்தது என் வயதின் அறியாமை.

ஒருநாள் என்னை அழைத்துப் போக ரேமோன் சைக்கிளில் வந்தான். அகராதி கதையைக் கேட்டுத் தெருவில் நின்று அவளோடு சேர்ந்து சிரித்தான். அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து செய்த காரியம் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான்.

தபால் பெட்டி

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. கடற்கரைச் சாலையில் அவர்கள் பேசிக்கொண்டு போவார்கள். பத்தடி பின்னால் நான், யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது.

மறைத்தே ஆகவேண்டிய காதல். மதம் வேறு. அதைவிட, சிவலிங்கம். இந்தியாவோடு சேரவேண்டும் என்ற இணைப்புப் போராட்டத்தில் அடி வாங்கி இடது காது கேளாமல் போனவர் அவர். அடித்தவர்களில் சொல்தா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று உறுதியாக நம்பினார். ரேமோனின் அப்பா தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவார். ஒருமுறை என் அப்பாவிடம் அவர் சொன்னது நினைவில் இருக்கிறது: "அடி வாங்குனது நானு. பென்ஷன் வாங்குறது அவுரு. ரெண்டு பேரும் ஒரே கொழாயில தண்ணி புடிக்கிறோம், என்னா நியாயம் சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. தங்கை படிக்கவேண்டும் என்று இரண்டு ஷிப்ட் பார்த்தவர். ஆனால் இந்த விஷயம் தெரிந்தால் என்ன செய்வார் என்பது மூவருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் ரேமோன் அப்பா வழியில் பட்டாளத்தில் சேர்ந்தான். அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள், பிறகு தெற்குப் பிரான்சில் ஒரு முகாம். அவன் கடிதங்கள் என் பெயருக்கு வரும். உறைக்குள் எனக்குப் பிரெஞ்சில் நாலு வரி. அதோடு நாலாக மடித்த இன்னொரு தாள், அதன்மேல் "அ" என்ற ஒற்றை எழுத்து. அந்தத் தாளைப் பிரிக்காமல் மறுநாள் படிக்கட்டில் அவளிடம் கொடுப்பேன். அவள் எழுதுவதை வாங்கி என் கையால் முகவரி எழுதி அனுப்புவேன்.

இரண்டு வருடம் போல ஒன்றைக்கூட நான் பிரித்துப் படித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் யோக்கியனாக இருந்தவன் என்பதால்தான் அவள் மூன்றாவது வருடமும் நம்பினாள்.

கையெழுத்துக் காலம்

பிறகு ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவர்கள் இனி இந்தியர்கள், பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். ஊரே அந்த ஒன்றைப் பற்றித்தான் பேசியது. ஒரே வீட்டில் அண்ணன் போட்டான், தம்பி போடவில்லை. போட்டவர்கள் வெளியே சொல்லவில்லை. சிவலிங்கம் போன்றவர்கள் போட்டவர்களின் பெயர்களை விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அஞ்சலாட்சி என்ன செய்வது என்று கேட்டு ரேமோனுக்கு எழுதினாள். கையெழுத்துப் போட்டால் அது அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்காது. போட்ட பிறகு அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. அவன் அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் போடமுடியும். அவளுடைய வாழ்க்கை முழுவதும் அவன் பதிலில் இருந்தது.

பதில் வந்தது. அந்தத் தாளைத்தான் நான் பிரித்தேன்.

ஏன் அன்றைக்கு? அன்று காலை தட்டச்சுப் பள்ளியில் அவள் என்னிடம் சண்டை போடாமல் மரியாதையாகப் பேசினாள். "தாமு, நீ இல்லன்னா எங்க கதி என்னாவும்" என்றாள். எங்கள் என்றாள். அகராதி என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

கடிதத்தில் ரேமோன் எழுதியிருந்தது இது. பட்டாளத்தில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. துறைமுகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அது கிடைக்குமுன் அவள் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம், காத்திருக்க வேண்டும். கிடைத்த அன்றே தந்தி அடிப்பான். அதில் இரண்டே சொல் இருக்கும். பார்த்த அன்றே போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், கப்பலுக்கு அவன் ஏற்பாடு செய்துவிடுவான்.

நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதை அகராதிக்குள் வைத்தேன். நாளைக்கும் கொடுக்கவில்லை. கடிதம் வந்ததா என்று அவள் கேட்ட ஒவ்வொரு நாளும் இல்லை என்றேன். பன்னிரண்டு நாள்.

இரண்டு சொல்

மறுபடியும் படிக்கட்டு.

அது கூட்டல் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். பிரெஞ்சில் அதை ப்ளூ என்று சொல்லவேண்டும், இந்த இடத்தில் அதற்கு இனிமேல் இல்லை என்று பொருள் என்றேன். நத்தான் ப்ளூ. அவள் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"முழுசா என்னா சொல்றான்?"

"இனிமே காத்திருக்காத."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எந்த அகராதியை எடுத்துப் பார்த்தாலும் நான் சொன்னது சரி. இனிமேல் காத்திருக்காதே, உடனே போய்க் கையெழுத்துப் போடு என்று அவன் சொன்னான். இனிமேல் காத்திருக்காதே, என்னை மறந்துவிடு என்று அவளுக்குக் கேட்டது. பிரெஞ்சில் அந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் அதே இரண்டு முகம் தமிழிலும் இருக்கிறது. எந்த முகம் என்று காட்டும் கடிதம் என் வீட்டு அலமாரியில் அகராதிக்குள் இருந்தது. நான் பொய் சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அவள் அழவில்லை. தந்தியை முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்தாள். "அவனுக்கு ஒண்ணும் எழுத வேணாம்" என்றாள். மேலே போய் அரைமணி நேரம் தட்டினாள். அவளுடைய இயந்திரத்தின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மூன்று வாரத்தில் ரேமோன் எனக்கு எழுதினான். அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்டாளா? போடவில்லை என்று பதில் எழுதினேன். அதுவும் உண்மை. கையெழுத்துக்கு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. நான் நினைத்திருந்தால் அன்றைக்கும் சரிசெய்திருக்கலாம். ரேமோனின் கடைசிக் கடிதத்தில் ஒரே வரிதான்: சரி, அவளைத் தொந்தரவு செய்யாதே.

அதற்குப் பிறகு

அவளை நான் மணந்துகொண்டேன் என்று யாராவது எதிர்பார்த்தால், இல்லை. கேட்கக்கூடத் துணியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டச்சுப் பள்ளியை விட்டேன். அவள் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். அண்ணன் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள். அவரும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். தங்கை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெரியாமலே அவர் காலமானார்.

நான் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். பழைய பிரெஞ்சுக் கோப்புகளை முப்பது வருடம் ஆங்கிலத்தில் மாற்றினேன். என் வேலையில் யாரும் பிழை கண்டதில்லை என்று ஓய்வுபெறும் நாளில் மேலதிகாரி பேசினார். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கும் இதைச் சொன்னதில்லை. அவள் நல்லவள், சொல்லியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்று அன்றே சொல்லியிருப்பாள். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் மாதா கோயில் வாசலில் ரேமோனின் ஆத்ம சாந்திக்கான பூசை அறிவிப்பைப் பார்த்தேன். பிரான்சிலேயே இறந்துவிட்டான். படித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி அவனை நேரில் பார்க்கவேண்டியதில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. இருவரில் ஒருவர் சாகும்வரை காத்திருந்திருக்கிறேன்.

லாஸ்பேட்டையில்

அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அஞ்சலாட்சி லாஸ்பேட்டையில் அண்ணன் மகளோடு இருந்தாள். அந்தப் பெண் வேலைக்குப் போயிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. கண் நீர் அழுத்த நோயில் அவளுக்குப் பார்வை போய்விட்டது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்தாள்.

"அகராதியா? செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது. கடைசியில் கேட்டாள்.

"அந்தக் கடுதாசி இருக்கா?"

"இருக்கு."

"படி."

திருடிய கடிதத்தை என் குரலில் அவளுக்குப் படித்தேன். ஐம்பது வருடத்துக்குமுன் இருபத்து மூன்று வயதுப் பையன் எழுதியதை, பல்செட் போட்ட வாயால் படித்தேன். சில இடங்களில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். படித்து முடித்தேன்.

"அவனுக்குத் தமிழ் எழுத வராதே" என்றாள். "தப்பு இருக்குமே?"

"நெறைய இருக்கு."

"எங்கெங்கன்னு சொல்லு."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளால் அந்தக் கையெழுத்தைப் பார்க்க முடியாது. முதல் வரியிலிருந்து தொடங்கினேன். கண்ணே என்பதில் றன்னகர ன போட்டிருக்கிறான். கப்பலுக்குப் புள்ளி வைக்க மறந்திருக்கிறான். காத்திரு என்பதில் வல்லின று.

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும் காத்திறுன்னுதான் எழுதியிருக்கான்."

"எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத அப்பறம் பாக்கலாம். பேப்பரு படிச்சுக் காட்ட ஆளு இல்ல. வியாழக்கெழம வா" என்றாள்.

போனேன். அடுத்த வாரமும் போனேன். மூன்று வருடமாக வியாழக்கிழமைகளில் போகிறேன். தலைப்பு முதல் விளம்பரம் வரை வாசிக்க வேண்டும். ஒரு பத்தியைத் தாண்டினால் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறாள். அந்தக் கடிதத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

இதை எழுதலாமா என்று அவளைத்தான் முதலில் கேட்டேன். எழுது, அனுப்புவதற்குமுன் படித்துக் காட்டு என்றாள். போன வியாழக்கிழமை பத்திரிகையை ஒதுக்கிவிட்டு இதைப் படித்தேன். பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"கடுதாசியே வந்து சேராதவளுக்கு அஞ்சலாட்சின்னு பேரா? நல்லா வச்ச."

நான் அந்தப் பெயரில் அஞ்சல் இருப்பதைக் கவனிக்கவே இல்லை. மாற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

இன்னொரு இடத்தில் நிறுத்தினாள். கடிதத்தைச் சில நாட்கள் வைத்திருந்தேன் என்று முதலில் எழுதியிருந்தேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

"அப்ப பன்னண்டுன்னு போடு."

மேலே இரண்டு இடத்திலும் திருத்திவிட்டேன்.

படித்து முடித்ததும் எழுந்தேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அகராதி. கடசீல நான் மன்னிச்சுட்டதா எழுதிடாத."

"எழுதல."

"வர்ற வாரம் சீக்கிரம் வா. இன்னிக்குப் பேப்பரு அப்படியே கெடக்கு."